கிளமிடியாத் தொற்றும் இயற்கைக் கொல்லி அணுக்களும்: ஓர் எளிய விளக்கம்

விடியற்காலையில் கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் மலையேறி வரும் ஜீப்புகள் குமுளிச் சோதனைச்சாவடியைத் தாண்டி ஏலத்தோட்டங்களுக்குப் போகின்றன. அவற்றில் வரும் பெண்களில் சிலர், மாலையில் ஊர் திரும்பும் வழியில், நான் வேலை பார்க்கும் சிறிய ஆய்வகத்தில் பரிசோதனைச் சீட்டை நீட்டுவார்கள். அனுப்பிய செவிலியர் மலையாளத்தில் 'வெள்ளபோக்கு' என்பார். வந்தவர் தமிழில் 'வெள்ளைப்படுது' என்று குரலைத் தணித்துச் சொல்வார். மருத்துவர் எடுத்தனுப்பிய நீரைக் கண்ணாடித் தகட்டில் தடவி, கிராம் சாயமேற்றி, எண்ணெய்த் துளி விட்டு நுண்ணோக்கியில் பார்ப்பது என் வேலை. மேகவெட்டை என்று நம் பக்கத்தில் சொல்லப்படும் கொனோரியாவாக இருந்தால், சீழணுக்களின் உள்ளே இளஞ்சிவப்பு நிறத்தில், இரண்டிரண்டாக முகம் பார்த்து ஒட்டிய காப்பிக்கொட்டைகளைப் போலக் கிருமிகள் தெரியக்கூடும். பல தகடுகளில் சீழணுக்கள் மட்டும் மண்டிக் கிடக்கும். கிருமி என்று சுட்டிக்காட்ட ஒன்றும் இருக்காது. இப்படிப்பட்ட தகடுகளுக்குப் பின்னால் அடிக்கடி இருப்பது கிளமிடியா டிராக்கோமேட்டிஸ் என்னும், உடலுறவால் பரவும் பாக்டீரியா. கிராம் சாயத்தில் அது தெரியாது; அதன் மரபுப்பொருளைப் பெருக்கிப் பார்க்கும் சோதனையே அதை உறுதியாகக் காட்டும்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2020ஆம் ஆண்டில் மட்டும் 15 முதல் 49 வயது வரையிலானவர்களிடம் ஏறத்தாழ 12.9 கோடிப் புதிய கிளமிடியாத் தொற்றுகளும் 8.2 கோடிப் புதிய கொனோரியாத் தொற்றுகளும் ஏற்பட்டன. கிளமிடியா தொற்றிய பெண்களில் பெரும்பாலோருக்கு எந்த அறிகுறியும் தோன்றுவதில்லை. அறிகுறி இல்லாத காலத்தில் உடல் சும்மா இருக்கிறதா என்றால், இல்லை. தொற்று ஏற்பட்ட தொடக்க நாள்களிலேயே களத்துக்கு வந்துவிடும் வெள்ளணு வகைகளில் ஒன்றுதான் இயற்கைக் கொல்லி அணு. இதன் பெயரைக் கேட்டவுடன் நம் மனம் ஒரு சண்டைக் காட்சியை வரைந்துவிடுகிறது. அந்தக் காட்சி பாதிதான் உண்மை. இந்த நோயைப் பொறுத்தவரை அந்த அணு கொல்வதைக் காட்டிலும், அது அண்டை அணுக்களுக்கு அனுப்பும் செய்தியே பெரிய வேலையைச் செய்கிறது என்பதை விளக்கவே இந்தக் கட்டுரை.

முதலில் எதிரியைத் தெரிந்துகொள்வோம். 1907ஆம் ஆண்டில் ஜாவாவில் ஹால்பர்ஸ்டேட்டர், புரோவாசெக் என்னும் இருவர், கண் இமையைப் பாதிக்கும் டிரக்கோமா நோயை ஆராயும்போது, உயிரணுவுக்குள் சாயமேறிய ஒரு திரளை முதன்முதலாகக் கண்டு விவரித்தார்கள். உயிருள்ள அணுவுக்கு வெளியே எந்த ஊட்டக் கூழிலும் வளராததால், நெடுங்காலம் இதை வைரஸ் என்றே எண்ணியிருந்தார்கள். 1960களில்தான் இது பாக்டீரியா என்பது ஐயமின்றி ஏற்கப்பட்டது. இதன் வாழ்க்கைக்கு இரண்டு வடிவங்கள் உண்டு. ஒன்று மிகச் சிறிய, கெட்டியான வடிவம். மில்லிமீட்டரில் மூவாயிரத்தில் ஒரு பங்கு அளவே இருக்கும். ஓர் உடலிலிருந்து இன்னோர் உடலுக்கும், ஓர் அணுவிலிருந்து இன்னோர் அணுவுக்கும் தொற்றக்கூடியது இதுதான், ஆனால் இது பெருகாது. கருப்பை வாயின் உட்பூச்சு அணுக்களுள் நுழைந்தபின், சவ்வால் ஆன ஒரு பைக்குள் இருந்தபடியே இது பெரிய, மெல்லிய இரண்டாம் வடிவமாக மாறி, இரண்டாகப் பிளந்து பிளந்து பெருகுகிறது. ஏறத்தாழ 48 முதல் 72 மணி நேரத்தில் மறுபடி சிறிய வடிவமாகச் சுருங்கி, அணுவை உடைத்துக்கொண்டோ பையோடு பிதுங்கியோ வெளியேறி அடுத்த அணுவைத் தேடுகிறது. பெருகும் வடிவம் அணுவுக்கு வெளியே பிழைக்காது, தொற்றவும் செய்யாது. இந்தச் செய்தி பின்னால் தேவைப்படும்.

ஏலத்தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு இது புதிய கதை அல்ல. இலைப்பேன் செடியின் மேல் இருக்கும், மருந்தடித்தால் படும். தண்டுத் துளைப்பான் அப்படியில்லை. புழு தட்டைக்குள் புகுந்துவிட்டால் மேலே எவ்வளவு தெளித்தாலும் அதன் மேல் ஒரு துளி விழாது. துளையின் வாயில் தள்ளிக் கிடக்கும் துகளையும், காய்ந்து நிற்கும் நடுக்குருத்தையும் பார்த்துத்தான் உள்ளே புழு இருப்பதை அறிய வேண்டும். நம் ரத்தத்தில் ஓடும் எதிர்பொருள்கள் தெளிக்கும் மருந்தைப் போன்றவை; வெளியே திரியும் கிருமியைப் பற்றும், அணுவுக்குள் பையில் ஒளிந்ததைப் பற்ற முடியாது. எனவே உள்ளே புழு இருக்கிறதா என்று வெளியிலிருந்தே பார்த்துச் சொல்லும் கண் ஒன்று உடலுக்குத் தேவைப்படுகிறது. கொல்லி டி அணுக்கள் என்னும் வேறொரு வெள்ளணு வகை அந்த வேலையைச் செய்யும், ஆனால் குறிப்பிட்ட கிருமிக்கென்று அவை தேர்ந்து, பெருகி வர ஒரு வாரம் போல ஆகும். அதுவரை பொறுக்காமல் வருவது இயற்கைக் கொல்லி அணு.

1975ஆம் ஆண்டில், சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் ரோல்ஃப் கீஸ்லிங், ஈவா கிளைன், ஹான்ஸ் விக்செல் ஆகியோர், எந்த முன்பயிற்சியும் தரப்படாத எலியின் மண்ணீரல் அணுக்கள் ரத்தப் புற்று அணுக்களைத் தாமாகவே கொல்வதைக் கண்டார்கள். அமெரிக்காவில் ரொனால்ட் ஹெர்பர்மனின் குழுவும் அதே காலத்தில் இதையே கண்டது. முன்னரே அந்த எதிரியைச் சந்தித்திராமலே கொல்வதால் 'இயற்கைக் கொல்லி' என்ற பெயர் வந்தது. புற்றுநோய் ஆய்விலிருந்து பிறந்த பெயர் இது என்பதை மறக்கலாகாது. பாக்டீரியாத் தொற்றில் இதன் நடத்தையை முதலில் பார்த்திருந்தால் வேறு பெயர் வைத்திருப்பார்களோ என்று எனக்கு அவ்வப்போது தோன்றுவதுண்டு.

நம் ரத்தத்தில் நிணநீர் அணுக்கள் என்னும் வெள்ளணுக்களில் ஏறத்தாழ 5 முதல் 15 விழுக்காடு இவை. லீஷ்மன் சாயமேற்றிய ரத்தத் தகட்டில், வழக்கமான நிணநீர் அணுவைவிடச் சற்றுப் பெரியதாக, வெளிர்நீலப் பரப்பில் சில செவ்வூதாப் புள்ளிகளோடு ஓர் அணு தென்படும். அந்தத் தோற்றம் கொண்ட எல்லாமே இயற்கைக் கொல்லி அணுக்கள் அல்ல. சில டி அணுக்களும் அப்படியே இருக்கும். ஆனாலும் காட்டுவதற்கு அது போதும். தோட்டத்திலிருந்து வந்த மூத்த பெண் ஒருவர், தம் ரத்தத்தைத் தாமே பார்க்க வேண்டும் என்று கேட்டபோது, அந்த அணுவை வில்லையின் நடுவுக்குக் கொண்டுவந்து அவரை உட்காரவைத்தேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்துவிட்டு, "நீலத் துணியில கேப்பை சிந்துன மாதிரி இருக்கு தம்பி" என்றார். அந்தக் கேப்பைப் புள்ளிகளுக்குள்தான் பெர்ஃபோரின், கிரான்சைம் என்னும் புரதங்கள் அடைபட்டிருக்கின்றன. முன்னது எதிரணுவின் சவ்வில் துளையிடும். பின்னது உள்ளே புகுந்து, அந்த அணு தன்னைத் தானே அழித்துக்கொள்ளும் பாதையைத் தூண்டிவிடும்.

எதிரியின் முகத்தை முன்பின் பார்த்திராத அணு, எதைக் கொண்டு யாரைக் கொல்வது என்று முடிவு செய்கிறது? இந்தக் கேள்விக்கு விடை கிடைக்க 1986 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கிளாஸ் கேரேயும் உடனிருந்தவர்களும் காட்டியது இதுதான்: இயற்கைக் கொல்லி அணு தேடுவது எதிரியின் அடையாளத்தை அன்று, நம்முடையது என்று சொல்லும் அடையாளம் இருக்கிறதா என்பதைத்தான். நம் உடலில் உட்கரு உள்ள ஏறக்குறைய எல்லா அணுக்களும் தம் மேற்பரப்பில் முதல் வகுப்பு எம்எச்சி என்னும் புரதத்தைத் தாங்கி நிற்கின்றன. நம் தெருக்களில் காலையில் வாசலில் கோலம் இருந்தால் யாரும் எதுவும் கேட்பதில்லை, கடந்து போகிறோம். ஒரு வீட்டு வாசல் மட்டும் விடிந்து வெகுநேரமாகியும் வெறுமையாகக் கிடந்தால், உள்ளே என்ன நடந்தது என்று தெரியாமலே அண்டை வீட்டார் கதவைத் தட்டுவார்கள். காய்ச்சலா, சாவா, சண்டையா என்பது அவர்களுக்கு முதலில் தெரிந்திருக்க வேண்டியதில்லை. இயற்கைக் கொல்லி அணுவும் அப்படித்தான். எம்எச்சி கோலம் இருக்கும் அணுவைத் தொட்டதும் அதன் தடுப்பு ஏற்பிகள் அதை அமைதிப்படுத்துகின்றன, கோலம் காணாத அணுவிடம் அந்த அமைதி கிடைப்பதில்லை. இதோடு இன்னொரு கணக்கும் உண்டு: துன்பத்தில் இருக்கும் அணு, மைக்கா போன்ற புரதங்களை மேற்பரப்பில் ஏற்றிக்காட்டும். அது வீட்டுக்குள்ளிருந்து வரும் அழுகுரல். வாசலின் வெறுமையையும் அழுகுரலையும் எடைபோட்டுப் பார்த்தே கொல்லி அணு முடிவுக்கு வருகிறது.

கிளமிடியா தொற்றிய கருப்பை வாய் அணுக்களை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்தபோது இந்த இரண்டுமே நடப்பது தெரியவந்தது. முதல் வகுப்பு எம்எச்சி குறைகிறது; இதனால் டி அணுக்களின் கண்ணிலிருந்து கிருமி தப்பப் பார்க்கிறது. மைக்கா கூடுகிறது; இயற்கைக் கொல்லி அணுக்கள் இத்தகைய அணுக்களைக் கூடுதலாகக் கொல்கின்றன. ஒரு காவலிடமிருந்து ஒளிய எடுத்த வழியே இன்னொரு காவலை அழைத்துவிடுகிறது. இங்கே கதை முடிந்ததாகப் பல அறிமுக நூல்கள் பக்கத்தைத் திருப்பிவிடுகின்றன. எனக்கோ இந்த இடத்தில்தான் ஐயம் தொடங்கியது. கிருமி பெருகும் வடிவத்தில் இருக்கும் நடுக்கட்டத்தில் அணு கொல்லப்பட்டால் நன்மை, வெளியே வந்த மெல்லிய வடிவம் பிழைக்காது. அதே அணு கடைசி மணி நேரங்களில், சிறிய வடிவங்கள் முற்றி நிற்கும்போது உடைந்தால், தொற்றக்கூடியவற்றைத் திறந்துவிட்டதாகவும் ஆகலாம். ஆகவே கொலையின் பயன் அது நடக்கும் நேரத்தைப் பொறுத்தது.

நேரத்தைப் பார்க்காமலே பயன் தரும் இன்னொரு வேலை இருக்கிறது. தொற்றிய உட்பூச்சு அணுக்கள் இன்டர்லூக்கின்-18 என்னும் செய்திப் புரதத்தை வெளியிடுகின்றன. கிருமியைக் கண்ட கிளையணுக்கள் (டென்ட்ரிடிக் அணுக்கள் என்னும் வெள்ளணுக்கள்) இன்டர்லூக்கின்-12 என்பதை வெளியிடுகின்றன. இவ்விரண்டும் ஒருசேரக் கிடைக்கும்போது இயற்கைக் கொல்லி அணு காமா இன்டர்ஃபெரான் என்னும் செய்திப் புரதத்தைப் பெருமளவில் சுரக்கிறது. 1990களின் இறுதியில் எலிகளில் செய்த சோதனைகளில், பிறப்புறுப்புப் பாதையில் தொற்று ஏற்படுத்திய மிகத் தொடக்கத்திலேயே இயற்கைக் கொல்லி அணுக்கள் அங்கு வந்து சேர்வதும், தொடக்கக் காமா இன்டர்ஃபெரானில் பெரும்பங்கு அவற்றிடமிருந்து வருவதும் காணப்பட்டன. அந்த அணுக்களை முன்கூட்டியே நீக்கிவிட்ட எலிகளில் தொற்று கடுமையாயிற்று. அதைவிடக் கவனிக்க வேண்டியது, பின்னால் வந்த டி அணுக்களின் போக்கும் மாறியது: அணுவுக்குள் ஒளிந்த கிருமிக்கு ஏற்ற பாதையை விட்டு, எதிர்பொருள்களைத் தூண்டும் பாதைக்கு அது சாய்ந்தது. முதலில் வருகிறவர் என்ன சொல்கிறாரோ அதைக் கேட்டுத்தான் பின்னால் வருகிறவர்கள் ஆயுதம் எடுக்கிறார்கள்.

ரத்தத்தில் உள்ள இயற்கைக் கொல்லி அணுக்களில் பத்தில் ஒன்பது பங்கு போலக் கொலையில் தேர்ந்த வகை. மீதிச் சிறு பங்கு, செய்திப் புரதங்களைச் சுரப்பதில் தேர்ந்த வகை. கருப்பையில் இந்தக் கணக்கு தலைகீழ். அங்கே நிலையாகத் தங்குபவை பின்னதை ஒத்தவை. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் கருப்பையின் உட்படலத்தில் உள்ள வெள்ளணுக்களில் ஏறத்தாழ 70 விழுக்காடு இவைதாம். அங்கே அவை குழந்தையைத் தாக்குவதில்லை, தாயின் ரத்தக் குழாய்கள் விரிந்து குழந்தைக்கு ரத்தம் போக உதவுகின்றன. கொல்லி என்ற பெயரை வைத்துக்கொண்டு இப்படி ஒரு தாதி வேலை.

காமா இன்டர்ஃபெரான் என்ன செய்கிறது? அது கிருமியைத் தொடுவதே இல்லை. உட்பூச்சு அணுவுக்கு அது சொல்வது, சோற்றுப் பானையைக் கவிழ்த்துவிடு என்பதுதான். அந்தச் செய்தி கிடைத்த அணு ஐடிஓ என்னும் நொதியை உண்டாக்கி, தன்னிடமுள்ள டிரிப்டோபான் என்னும் அமினோ அமிலத்தைச் சிதைத்துவிடுகிறது. நமக்கு அது உணவிலிருந்து வரும். அணுவுக்குள் அடைந்து கிடக்கும் கிளமிடியாவுக்கோ நம் அணுவின் இருப்பைத் தவிர வேறு வழி இல்லை. டிரிப்டோபான் இல்லாமல் புரதம் கட்ட முடியாது, பெருக்கம் நின்றுவிடுகிறது. எலியின் அணுக்கள் இதே செய்தியைக் கேட்டு வேறொரு புரதக் கூட்டத்தைக் கொண்டு போராடுகின்றன என்பதால், எலிச் சோதனையை அப்படியே மனிதருக்குப் பெயர்த்துச் சொல்லக் கூடாது என்பதையும் இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

பட்டினி போட்டால் செத்துவிடும் என்று எண்ணுவது இயல்பு. கிளமிடியா சாவதற்கு முன் இன்னொன்றைச் செய்யவல்லது. பிளவுபடுவதை நிறுத்தி, உருக்குலைந்து வீங்கிய வடிவத்தில், உயிரை மட்டும் பிடித்துக்கொண்டு பைக்குள் கிடக்கும். ஆய்வகத்தில் வளர்த்த அணுக்களில், இன்டர்ஃபெரானை நீக்கி டிரிப்டோபானைத் திரும்பக் கொடுத்தவுடன் இந்த வடிவம் விழித்துக்கொண்டு பழையபடி பெருகுகிறது. கோடையில் வெடித்துக் கிடந்த குளத்தில் ஒரு மழைக்குப் பின் தவளைச் சத்தம் கேட்பதைப் போன்றது இது.

இதைவிட நுட்பமான தந்திரம் ஒன்றும் அதற்கு உண்டு. கண்ணைப் பாதிக்கும் கிளமிடியா வகைகளில், டிரிப்டோபானைச் செய்யும் நொதி பழுதுபட்டிருக்கிறது. பிறப்புறுப்பைப் பாதிக்கும் வகைகளிலோ அந்த நொதியின் கடைசிப் பகுதி வேலை செய்யும் நிலையிலேயே இருக்கிறது; இண்டோல் என்னும் சிறு மூலக்கூறு கிடைத்தால் போதும், அதிலிருந்து தனக்கு வேண்டிய டிரிப்டோபானைத் தானே செய்துகொள்ளும். இண்டோல் எங்கிருந்து வரும்? நலமான யோனியில் பெரும்பாலும் லாக்டோபேசில்லஸ் என்னும் பாக்டீரியாக்களே நிறைந்திருக்கும். அந்தச் சமநிலை குலைந்து வேறு பாக்டீரியாக்கள் பெருகும்போது, அவற்றுள் சில இண்டோலை உண்டாக்குகின்றன. இயற்கைக் கொல்லி அணு சொல்லி, உட்பூச்சு அணு தன் பானையைக் கவிழ்த்தும், பக்கத்து வீட்டிலிருந்து பின்வாசல் வழியாகக் கஞ்சி வந்து சேர்ந்துவிடுகிறது. ஒரே கிருமி சிலரிடம் விரைவில் ஒழிவதற்கும் சிலரிடம் மாதக்கணக்கில் தங்குவதற்கும் இது ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இந்த நோயைப் பற்றி நான் படித்தவற்றுள் என்னை மிகவும் கட்டிப்போட்ட பகுதி இதுதான்.

இத்தனை நாள் அழற்சி நீடித்தால் அதற்கும் விலை உண்டு. தொற்று மேலேறிக் கருக்குழாயை அடைந்து, அழற்சியும் ஆறுதலும் மாறிமாறி நடக்கும்போது குழாயின் உட்சுவர் தழும்பேறுகிறது. குழந்தையின்மையும் கருக்குழாயிலேயே கரு தங்கிவிடும் ஆபத்தும் அதிலிருந்து வருகின்றன. தழும்புக்கு வெள்ளணுக்கள் பலவும் பொறுப்பு.

மேகவெட்டைக் கிருமியை அருகில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு புரியும். அது பெரும்பாலும் அணுக்களின் மேற்பரப்பில் வாழ்வது, சீழணுக்களைக் கூட்டம் கூட்டமாக வரவழைப்பது. அங்கே முன்னணி வேலை நியூட்ரோஃபில் என்னும் அந்தச் சீழணுக்களுடையது. அதன் மேற்பரப்பில் உள்ள ஓபா என்னும் புரதங்கள், நம் அணுக்களின் சீக்கம்-1 என்னும் ஏற்பியைப் பற்றிக்கொள்கின்றன. தூண்டப்பட்ட வெள்ளணுக்களில் அந்த ஏற்பி அடக்கும் விசையாக வேலை செய்வது என்பதால், கிருமி கதவைத் தட்டும்போதே காவலரின் வாயையும் பொத்தப் பார்க்கிறது எனலாம். கிரந்தி (சிபிலிஸ்) நோயின் கிருமியான டிரிபோனிமாவோ தன் மேற்பரப்பில் மிகச் சில புரதங்களையே காட்டி, யார் கண்ணிலும் படாமல் நழுவுவது. அது தனிக் கட்டுரைக்கு உரியது.

நுண்ணோக்கியில் கேப்பை பார்த்த அந்தப் பெண் எழுந்திருக்கும்போது கேட்டார்: "இதைக் கொல்ற அணு ரத்தத்துலயே இருக்குன்னு நீதான சொன்ன தம்பி, பெறகு மாத்திரை எதுக்கு?" கேள்வி சரியானதுதான். உடல் தானாகவே இத்தொற்றை ஒழித்துவிடுவதும் உண்டு. ஆனால் அதற்குப் பல மாதங்கள் ஆகலாம், அதற்குள் தழும்பு விழுந்துவிடலாம். கொல்லி அணு கிருமியைப் பட்டினி போட்டுப் படுக்கவைக்கும், படுத்தது எழுந்திருக்காது என்று உறுதி தர அதனால் இயலாது. எந்த மாத்திரை என்பதும் முக்கியம். பென்சிலின் வகை மருந்துகள், ஆய்வக அணுக்களில், கிளமிடியாவை அதே உருக்குலைந்த உறக்கத்துக்கே தள்ளுகின்றன. ஆகவே மிச்சம் கிடந்த ஏதோ ஒரு ஆன்டிபயாட்டிக்கை வாங்கி விழுங்குவது பயன் தராது. வழக்கமான மருத்துவம் 100 மில்லிகிராம் டாக்சிசைக்ளின், நாளுக்கு இரண்டு வேளை, 7 நாள். கர்ப்பிணிகளுக்கு அது கூடாது என்பதால் 1 கிராம் அசித்ரோமைசின் ஒரே வேளையாகத் தரப்படும். தமிழ்நாட்டில் சுகவாழ்வு மையம் என்றும் மலைக்கு இந்தப் பக்கம், கேரளத்தில், புலரி என்றும் பெயர் எழுதிய அரசு மருத்துவமனை அறைகளில், இத்தகைய வெள்ளைப்படுதலுக்கு ஒரு சாம்பல் நிற மருந்துப் பொட்டலம் வழங்கப்பட்டு வந்திருக்கிறது. அதில் அசித்ரோமைசினோடு 400 மில்லிகிராம் செஃபிக்சிமும் இருந்து வந்தது, ஏனென்றால் தகட்டில் ஒன்றும் தெரியாதபோது கிளமிடியா, மேகவெட்டை இரண்டையும் சேர்த்தே பார்த்துக்கொள்வதுதான் முறை.

கணவருக்கும் அதே பொட்டலம் வேண்டும் என்றேன். இந்தக் கிருமிக்கு எதிராக உடலில் உருவாகும் நினைவு மெலிதானது, நீடித்த காப்பு தராது. ஒருவர் மட்டும் தின்றால் மற்றவரிடமிருந்து திரும்ப வந்துவிடும். அவர் செருப்பை மாட்டிக்கொண்டே, "அவருக்கும் அந்த அணு இருக்கும்ல?" என்றார்.

"இருக்கும்க்கா. அவருக்கும் மாத்திரை வேணும்."